நொய்யல் கரையில் உலோகம் தேடலும் முன்னனுமதியும்: புதையல் சட்டத்தின் வினாவும் தொல்லியலின் வினாவும்

ஆய்வுச் சுருக்கம்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் நிலப்பரப்பு, ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்த பகுதியாகும். இப்பகுதியின் ஆற்றங்கரை, புறம்போக்கு, கோயில் நிலம் போன்ற பொதுவிடங்களில் உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டு தேடுவதற்கு முன் யாரிடம், எதன்பொருட்டு அனுமதி பெறவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அனுமதி என்பது கிடைக்கும் பொருளின் உடைமையைப் பற்றியதாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது பொருள் கிடந்த இடத்தின் சான்றைக் காப்பதற்குரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: நொய்யல், கொடுமணல், ரோமானியக் காசுகள், புதையல் சட்டம் 1878, உலோகம் கண்டறியும் கருவி, மண்ணடுக்கு

முன்னுரை

பின்னலாடைத் தொழிலின் நகரமாக இன்று அறியப்படும் திருப்பூரைச் சுற்றியுள்ள நிலம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் கைத்தொழிலாலும் வணிகத்தாலும் பெயர்பெற்றிருந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வெள்ளலூர், கொடுமணல் வழியாகக் கரூரை அடைந்த பெருவழி இதனூடே சென்றது. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில் கல்மணிகள் செய்யப்பட்டன; இரும்பும் உருக்கப்பட்டது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்படும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012 முதல் புதுவைப் பல்கலைக்கழகமும் இங்கு அகழாய்வு மேற்கொண்டன. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

இத்தகைய நிலத்தில் இன்று மண் நாள்தோறும் புரட்டப்படுகிறது. தொழிற்கூடத்துக்கும் வீட்டுமனைக்கும் மேடுகள் சமப்படுத்தப்படுகின்றன. அவற்றோடு ஒப்பிடும்போது கையில் ஒரு கருவியுடன் ஆற்றங்கரையில் நடக்கும் தனிமனிதர் செய்யும் சேதம் சிறிது எனத் தோன்றலாம். பொக்லைன் எந்திரம் எதையும் தேடிச் செல்வதில்லை. உலோகம் கண்டறியும் கருவியோ ஓர் இடத்தின் காலத்தைச் சொல்லவல்ல பொருளை மட்டுமே தேர்ந்து எடுத்துச் செல்கிறது. பரப்பளவைக் கொண்டு மட்டும் இச்சேதத்தை அளவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

கொங்கு நாட்டுக் காசுக்குவியல்களும் விடைகாணா வினாக்களும்

வெள்ளலூரில் 1842 ஆம் ஆண்டிலும் 1891 ஆம் ஆண்டிலும் ஒவ்வொரு முறையும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1931 இல் அதே ஊரில் மேலும் 121 காசுகள் வெளிப்பட்டன. கரூரில் 1878 இல் ஏறத்தாழ ஐந்நூறு காசுகள் கிடைத்தன. நொய்யல் கரையிலுள்ள கத்தாங்கண்ணியிலும், இன்றைய திருப்பூர் மாவட்டத்துக்குட்பட்ட உடுமலைப்பேட்டை வட்டத்துப் பூதிநத்தத்திலும் இத்தகைய குவியல்கள் எடுக்கப்பட்டன. இவற்றுள் பெரும்பாலான காசுகள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவர் காலத்தில் அச்சிடப்பட்டவை.

எத்தனை காசுகள், எந்தப் பேரரசனுடையவை என்பவை நன்கு அறியப்பட்டுள்ளன. அவை எக்காலத்தில் புதைக்கப்பட்டன என்பதோ இன்றும் தீராத வினா. காசு அச்சிடப்பட்ட காலம் வேறு; அது மண்ணுக்குள் சென்ற காலம் வேறு. கி.பி. 64 அளவில் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் தமிழக வணிகர் பழைய நல்ல காசுகளையே விரும்பிப் பெற்றனர் என்றால், டைபீரியஸ் காசு நிறைந்த ஒரு குவியல் அவன் இறந்து இரண்டு தலைமுறை கழிந்த பின்னும் புதைக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் கொங்கு நாட்டு வணிகத்தின் உச்சகாலம் பற்றிய கணிப்பே இடம்பெயரும். குவியலை வைத்தவர் வழிச்செல்லும் வணிகரா, கல்மணித் தொழிலின் முதலாளியா, வேந்தருக்குச் செலுத்தும் திறையைக் காத்தவரா என்னும் வினாவும் இதனோடு பிணைந்தது.

இவ்வினாக்களுக்கு விடை காசில் இல்லை. காசிருந்த கலயத்தின் வனைவில், அதே குழியில் கிடந்த கருப்பு-சிவப்புப் பானையோட்டில், குழி எந்த மண்ணடுக்கிலிருந்து வெட்டப்பட்டது என்பதில், அருகில் வீட்டுத் தரை இருந்ததா என்பதில்தான் அது இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் உழவிலும் மண்வெட்டிலும் தற்செயலாகக் கிடைத்தவற்றுக்கு இத்தகைய பதிவை எதிர்பார்ப்பது முறையன்று. இன்று கருவிகொண்டு வேண்டுமென்றே தேடுவோருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

1878 ஆம் ஆண்டின் சட்டம்

இந்தியப் புதையல் சட்டம் 1878 இல் இயற்றப்பட்டது. மறைந்துள்ள உலோகப்பொருளை மின்காந்தத் தூண்டலால் அறியும் முயற்சியை அலெக்சாண்டர் கிரகாம் பெல் செய்துபார்த்தது 1881 இல். அதுவும் மண்ணிலன்று, சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேடுவதற்காக. எனவே இச்சட்டம் தற்செயலாகக் கண்டெடுப்பவரை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. தேடுவதற்கு முன் அனுமதி பெறுமாறு அது கூறவில்லை. பொருள் கிடைத்த பின்னரே அது பேசத் தொடங்குகிறது.

அச்சட்டத்தின்படி மண்ணிலோ, மண்ணோடு பொருந்திய ஒன்றிலோ மறைந்துகிடக்கும் மதிப்புடைய எப்பொருளும் புதையலாகும். அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் பொருளின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்துவடிவில் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அவருடைய பங்கு அரசைச் சேரும். ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு.

புதையல் முழுவதும் அரசுக்கே உரியது என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. மூலச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. உரிமையாளர் எவரும் இல்லையென ஆட்சியர் அறிவித்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் எஞ்சியது நில உரிமையாளருக்கும் சேரும். அரசு விரும்பினால் பொருளைத் தானே பெற்றுக்கொள்ளலாம். அதற்குரிய விலை பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் ஆகும். இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. நான்கு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள அகஸ்டஸ் காசு ஒன்றுக்கு வெள்ளியின் விலையோடு சிறிது கூட்டித் தருவதாகச் சட்டம் சொல்லும்போது, சேகரிப்பாளர் சந்தை அதனினும் பன்மடங்கு தர முன்வருகிறது. அறிவிப்பவரை இழப்புக்குள்ளாக்கும் இவ்விதி, மறைப்பதற்குத் தூண்டுகோலாகிவிடுகிறது என்று கூறுவது மிகையன்று. இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துமிடத்து மாநிலத் திருத்தங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இச்சட்டத்தின் 7 ஆம் பிரிவு ஆய்வாளரின் தனிக்கவனத்துக்குரியது. புதையலை யார், எங்கே, எச்சூழலில் கண்டெடுத்தார் என்பதோடு, இயன்ற அளவு அதை மறைத்துவைத்தவர் யார், எச்சூழலில் மறைத்தார் என்பதையும் ஆட்சியர் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அது. உரிமையாளரைக் கண்டறியும் பொருட்டு வைக்கப்பட்ட இவ்வினா, தொல்லியலாளர் கேட்கும் வினாவேயாகும். அதற்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சி கலையாத மண்தான். கருவியின் ஒலி கேட்டதும் வெட்டப்படும் குழி அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறது. ஆகவே முன்னனுமதி என்னும் கருத்து இச்சட்டத்தின் சொற்களில் இல்லையாயினும், அதன் 7 ஆம் பிரிவு நிறைவேற வேண்டுமாயின் அது இன்றியமையாததாகிறது.

யாரிடம் அனுமதி

பொதுவிடம் என்பது உரிமையாளர் அற்ற இடம் அன்று. ஆற்றுப் புறம்போக்கும் நத்தமும் வருவாய்த்துறையின் பொறுப்பில் உள்ளவை; கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியரை அணுகுவதே இயல்பான முறை. அணை, ஏரி, வாய்க்கால் ஆகியவை நீர்வளத்துறையைச் சேர்ந்தவை. கோயில் நிலமாயின் அறநிலையத்துறையின் செயல் அலுவலரையும், காப்புக்காடாயின் வனத்துறையையும் அணுக வேண்டும்.

இவை நிலத்துக்குள் செல்வதற்கான இசைவு மட்டுமே. தோண்டுவதற்கான இசைவு வேறு. மத்திய அரசின் 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதியில், நிலத்தின் உரிமையாளரே ஆனாலும், அனுமதியின்றி அகழக் கூடாது. பாதுகாக்கப்படாத பகுதியிலும் தொல்லியல் நோக்கில் அகழ்வதற்கு மாநில அரசே மத்திய அரசின் முன் ஒப்புதலைப் பெறவேண்டும். தமிழ்நாட்டின் 1966 ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலப் பாதுகாப்பிலுள்ள இடங்களுக்குரியது.

இவ்விடத்தில் ஒரு முரண் தென்படுகிறது. மாநில அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அகழ்வதற்கு முன் ஒப்புதல் கட்டாயம். பொழுதுபோக்காக உலோகம் தேடுபவரோ தம் நோக்கம் தொல்லியலன்று எனக் கூறி அவ்விதியின் வெளியே நிற்க முடிகிறது. அவருக்குப் பிடிமானமாக எஞ்சுபவை நில உரிமை பற்றிய விதிகளும், கண்டெடுத்த பின் எழும் புதையல் சட்டமும், நூறாண்டு கடந்த காசையும் சிற்பத்தையும் தொல்பொருளாகக் கொண்டு அவற்றின் வணிகத்தையும் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தும் 1972 ஆம் ஆண்டுச் சட்டமுமே. இங்கிலாந்தில் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு கருவியைப் பெயரிட்டே குறிக்கிறது: பாதுகாக்கப்பட்ட இடத்தில் எழுத்துவடிவ ஒப்புதலின்றி அதைப் பயன்படுத்துவதே குற்றம், எதுவும் கிடைத்திருக்க வேண்டியதில்லை.

கருவியும் மண்ணும்

கொடுமணல் போன்ற ஊரில் இக்கருவியின் பயன் ஐயத்துக்குரியது. இரும்பு உருக்கிய இடத்தில் இரும்புக்கசடும் ஆணித்துண்டும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒலியெழுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு குழி வெட்டினால், காசு ஒன்றும் கிடைக்காமலேயே வாழ்விடத்தின் மேலடுக்கு முழுவதும் கலைந்துபோகும். தேடுபவர் பயனற்றதென எறியும் கசடு, உலைக்களம் எங்கிருந்தது என்பதற்குரிய சான்றாகும்.

அதே கருவி முறையான திட்டத்துக்குள் வரும்போது வேறாகிவிடுகிறது. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984 இல் தன்னார்வலர்கள் தொல்லியலாளரின் மேற்பார்வையில் கருவிகளைக் கொண்டு தேடினர். கிடைத்த ஒவ்வொரு தோட்டாவும் தோட்டாவுறையும் இருந்த இடத்திலேயே குறிக்கப்பட்டு வரைபடத்தில் ஏற்றப்பட்டது. போர் எவ்வாறு நகர்ந்தது என்பது அப்புள்ளிகளிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. தோட்டாக்களைத் தனியே எடுத்துச் சென்றிருந்தால் அவை வெறும் ஈயத்துண்டுகளே.

இங்கிலாந்தின் லெமின்ஸ்டர் அருகே 2015 இல் நடந்தது இதன் மறுபக்கம். கருவியால் கண்டெடுக்கப்பட்ட வைக்கிங் காலக் குவியல் அறிவிக்கப்படாமல் மறைத்து விற்கப்பட்டது. ஏறத்தாழ 300 காசுகள் இருந்தன எனக் கைப்பேசியில் அழிக்கப்பட்டு மீட்கப்பட்ட படங்களிலிருந்து கணிக்கப்பட்டது. 2019 இல் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டபோது மீட்கப்பட்டிருந்தவை 31 மட்டுமே. மெர்சியா, வெசெக்ஸ் அரசர் இருவரின் உறவைக் காட்டும் அரிய காசுகள் அவற்றுள் இருந்தன. உரிய முறையில் அறிவிப்போருக்குச் சந்தை மதிப்பையே வெகுமதியாக வழங்கும் நாட்டில் இது நிகழ்ந்தது. நல்ல விலை மட்டும் போதாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

அமராவதிப் படுகையின் எதிர்வழக்கு

அனுமதியை வலியுறுத்தும் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று கரூரில் உள்ளது. மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை எனப் பெயர் பொறித்த சேரர் காசுகள் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து எடுக்கப்பட்டுச் சேகரிப்பாளர் வழியாகவே அறிஞருலகை அடைந்தன. மணலைச் சலித்து எடுத்தவர்கள் இல்லையெனில் சங்ககாலச் சேரர் காசியல் இன்றைய நிலையை எட்டியிராது. இதை மறுப்பது நன்றியின்மை.

ஆயினும் ஆற்றுப்படுகையையும் வாழ்விட மேட்டையும் ஒன்றாகக் கருதலாகாது. வெள்ளம் உருட்டி வந்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை. எடுப்பவர் இழக்கச் செய்வது ஊர்ப்பெயரையும் நாளையும் மட்டுமே, அவற்றையும் ஒரு குறிப்பேட்டில் காத்துவிடலாம். மேட்டிலும் ஈமக்காட்டிலும் வெட்டப்படும் குழியோ மீளாத இழப்பு. எனவே இரண்டுக்கும் ஒரே வகை அனுமதி பொருந்தாது. படுகையில் எளிய பதிவுமுறையும் அறிவிப்பும் போதுமானவை. நொய்யலின் மேடுகளிலும் கல்வட்டங்களிலும் தொல்லியலாளர் உடனில்லாத தேடலுக்கு எந்த அலுவலரும் இசைவளித்தல் ஆகாது.

கல்லூரித் துறைகள் மாணவரைக் களஆய்வுக்கு அழைத்துச் செல்லும்போதும் இவ்வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும். மேற்பரப்பில் கிடக்கும் ஓட்டைப் பொறுக்குவதும் இடம்பெயர்த்தலே. வட்டாட்சியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் புல எண், நாள், பயன்படுத்தும் கருவி, தோண்டப்போவதில்லை என்னும் உறுதி, கிடைப்பவை எந்த அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்படும் என்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அதன் படியைத் தொல்லியல் துறைக்கும் அனுப்புவது துறைத்தலைவரின் பொறுப்பாகும். கருவி ஒலித்த இடங்களைத் தோண்டாமல் புல வரைபடத்தில் குறித்துவைத்தாலே, பின்னர் அகழ வருவோருக்கு அது முதற்சான்றாகும்.