ஆறாத உள்ளக் காயங்கள்

2024 டிசம்பர் 12 அன்று இரவு, திண்டுக்கல் - திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பற்றியது. குழந்தை ஒன்று உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். அன்று நாம் கண்ணீர் சிந்தினோம், செபித்தோம். இத்தகைய விபத்துகளில் உயிர் தப்பியவர்களின் உள்ளம் பிறகு என்ன பாடுபடுகிறது என்பதை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

விபத்து, தீ, வெள்ளம், திடீர் மரணம் ஆகியவை ஒரே நாளில் ஏற்படுத்தும் காயம் முதல் வகை. புகை வாசனை வந்தாலே உடல் நடுங்கும். நடந்தது கனவில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தின் பக்கம் போகவே மனம் மறுக்கும். சிறு ஓசைக்கும் திடுக்கிடுவார்கள். சிறுபிள்ளைகள் மீண்டும் படுக்கையை நனைப்பதும், நடந்ததையே விளையாட்டாக நடித்துக் காட்டுவதும் உண்டு. முதல் சில வாரங்களில் இவை இயல்பானவையே. ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

இரண்டாம் வகை, நாள்தோறும் விழும் காயம். குடித்துவிட்டு அடிக்கும் கணவர், சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமை, வேலையிடத்தில் தொடரும் அச்சுறுத்தல் போன்றவை இதற்குக் காரணம். நம் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன் பின்னரே பெண் தொழிலாளர்களின் பாதுகாப்பிற்காக 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவானது. நீடித்த கொடுமைக்கு ஆளானவர்கள், "நான் எதற்கும் தகுதியற்றவள்" என்று தம்மையே வெறுப்பார்கள். யாரையும் நம்ப அஞ்சுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் இந்நிலை தனி நோயாகவே இடம்பெற்றுள்ளது.

காயம் வேறு என்றால் மருந்தும் வேறு. விபத்தில் சிக்கியவருக்கு முதலில் தேவை பாதுகாப்பும், உணவும், அருகில் அமரும் உறவும். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. அவரே பேசும்போது குறுக்கிடாமல் கேட்டால் போதும். பலர் இவ்வாறே தேறிவிடுகின்றனர். தேறாதவர்களுக்கு, அந்த நினைவுகளை அச்சமின்றி எதிர்கொள்ளப் படிப்படியாகப் பழக்கும் உளவியல் சிகிச்சை உண்டு. தேவையானால் மனநல மருத்துவர் மாத்திரைகளும் தருவார். நாமாக வாங்கும் தூக்க மாத்திரையும் மதுவும் காயத்தை ஆற்றுவதில்லை.

வீட்டில் அடிபடும் பெண்ணுக்கோ, கொடுமை நிற்பதே முதல் சிகிச்சை. "பொறுத்துக்கொள், மன்னித்து மறந்துவிடு" என்று சொல்லி அவரை அதே வீட்டிற்குத் திருப்பி அனுப்பும்போது, நாமும் அவரது காயத்தைக் கிளறுகிறோம். இந்தத் தவற்றை நம் குடும்பங்களும் அன்பியங்களும் எத்தனை முறை செய்திருக்கின்றன!

"விசுவாசம் குறைவு", "பேய் பிடித்திருக்கிறது" என்ற பேச்சுகளை விடுவோம். நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்திற்கும் அழைத்துச் சென்றார். நாமும் செபத்தோடு நின்றுவிடாமல், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் துணைக்குச் செல்வோம். 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 181ஐ அழைக்கலாம்.

நம் தெருவில், நம் வீட்டில் மௌனமாய் அழுபவர் யார்? இன்று அவரருகே சற்று அமர்வோமா?