உள்ளங்கை கம்ப்யூட்டர்: நாமே மாட்டுவோம், நாமே கரண்ட் கொடுப்போம்



கம்ப்யூட்டர் என்றால் நம்மில் பலருக்கு ஒரே பழக்கம்தான். ஒரு தம்பி உட்கார்ந்து தட்டுவார், நாம பின்னால் நின்னு பார்ப்போம். குழுவின் சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாவற்றையும் அவரே ஏற்றுவார். அவர் வேலை கிடைத்து வெளியூர் போயிட்டா, கணக்கு எந்தப் பெட்டிக்குள் இருக்கு, எப்படித் திறப்பது என்று யாருக்கும் தெரியாது. பணம் நம்ம பணம், சாவி மட்டும் வேறு ஒருவர் கையில்! அதனால்தான் இந்த இதழில், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை முதல் தடவை மாட்டி ஓட வைக்கும் விதத்தை எழுதுகிறோம்.

இதன் அளவு நம்ம ஸ்மார்ட் ரேஷன் கார்டு அளவுதான். ஒரே பச்சைப் பலகை. மூளை, நினைவகம், மவுஸ் மாட்டும் இடம், டிவிக்கு ஒயர் போகும் இடம் எல்லாம் அதிலேயே பற்றவைத்து வரும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும், பள்ளிப் பிள்ளைகள் மலிவாகக் கம்ப்யூட்டர் கற்கட்டும் என்று இதைச் செய்தார்கள். 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்தது. கேரளத்தில் 2014-லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பழக்கினார்கள்.

நம்ம நாட்டிலும் இப்படி ஒரு முயற்சி முன்பே நடந்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்று கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றை 2001 வாக்கில் உருவாக்கினார்கள். ஊருக்கு ஒன்று இருந்தால் போதும், ஆளுக்கு ஒரு அட்டையைச் செருகி அவரவர் விவரத்தைப் பார்த்துக்கலாம் என்பது திட்டம். நினைத்த அளவு விற்கவில்லை. அந்த யோசனை நம்ம குழுக்களுக்கே செய்த மாதிரி இருந்தது என்பது எங்கள் எண்ணம்.

என்னென்ன வேணும்?

பலகை, அதைப் போட்டு மூட ஒரு டப்பா, 32 ஜிபி மெமரி கார்டு (போனில் போடுகிற அதே சின்ன கார்டு), சார்ஜர், கீபோர்டு, மவுஸ், டிவிக்குப் போகும் ஒயர். 2006-லிருந்து அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி பல வீடுகளில் இன்னும் இருக்கும். அதில் இந்த ஒயர் மாட்டும் ஓட்டை கிடையாது. தட்டையான புது டிவியில் பின்பக்கம் 'எச்.டி.எம்.ஐ.' என்று எழுதியிருக்கும், அதுதான் வேணும்.

மெமரி கார்டு வெறும் கார்டாக இருந்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. அதை நடத்தும் மென்பொருளை முதலில் கார்டில் ஏற்றணும். மென்பொருள் இலவசம். பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தால், 'ராஸ்பெர்ரி பை இமேஜர்' என்ற நிரலை அதில் இறக்கி கார்டில் ஏற்றிக்கலாம். கார்டில் ஏற்கெனவே இருந்த போட்டோ, பாட்டு எல்லாம் அழிந்துபோகும். அதனால் புதுக் கார்டு வாங்குங்க.

மாட்டும் முறை

பலகையை ஓரத்தைப் பிடித்துத் தூக்கணும், நடுவில் விரல் வைக்கக் கூடாது. மீன் அரிந்த கை, உப்புக் கை, ஈரக் கை ஆகவே ஆகாது. கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்க. பலகையை எவர்சில்வர் தட்டில் வைக்காதீங்க, மரப்பலகை அல்லது அட்டை மேல் வைங்க. ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 ஊசி நிற்கும். கரண்ட் ஓடும்போது தாலிச் சங்கிலியோ உலோக வளையலோ அந்த ஊசிகளில் பட்டால் பலகை கருகிப்போகலாம். டப்பாவில் போட்டு மூடச் சொல்வது இதற்காகத்தான்.

முதலில் கார்டு. பலகையின் அடிப்பக்கம் உள்ள இடத்தில் தள்ளணும். தானே போகும், நெரித்துத் தள்ள வேண்டாம். அப்புறம் கீபோர்டு, மவுஸ். அப்புறம் டிவி ஒயர். நான்காம் மாடலில் டிவிக்கு இரண்டு ஓட்டை இருக்கும், சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் இருப்பதில் மாட்டுங்க. டிவியைப் போட்டு எச்.டி.எம்.ஐ. பக்கத்துக்கு மாற்றி வைங்க. கடைசியில்தான் சார்ஜர். நான்காம் மாடலில் சுவிட்ச் கிடையாது, கரண்ட் வந்த உடனே எழுந்துவிடும்.

சார்ஜரில்தான் பாதி விஷயம்

முதல் நாள் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சார்ஜர் அல்லது கார்டுதான். கையில் கிடைத்த பழைய போன் சார்ஜரைச் செருகினால் சில நேரம் ஓடும், சில நேரம் பாதியில் விழும். நான்காம் மாடலுக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜர் வேணும். ஐந்தாம் மாடலுக்கு 5 ஆம்பியர். சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், கடையிலேயே படித்துப் பாருங்க.

நான்காம் மாடலில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் கரண்ட் சரி. அணைந்து அணைந்து எரிந்தால் கரண்ட் போதவில்லை. அப்போது டிவி மூலையில் மின்னல் படமும் வரும். பச்சை விளக்கு மினுக்கினால் கார்டைப் படிக்கிறது என்று அர்த்தம். சிவப்பு எரிந்து, பச்சை சரியாக மினுக்கவில்லை என்றால் கார்டைக் கழற்றி மாட்டிப் பாருங்க. அப்பவும் இல்லையா, மென்பொருளை மறுபடி ஏற்றணும்.

எல்லாம் சரியாக இருந்தால் வண்ணச் சதுரம் ஒன்று வந்து போகும். முதல் தடவை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கும், ஒரு முறை தானாகவே அணைந்து மறுபடி வரும். பயந்து ஒயரைப் பிடுங்கிடாதீங்க.

கடவுச்சொல் யாரிடம்?

அப்புறம் நாடு, மொழி, நேரம் கேட்கும். இந்தியா, கொல்கத்தா என்று கொடுங்க. அடுத்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இங்கே நிதானம் வேணும். மாட்டிக் கொடுக்க வந்த தம்பியோ, மகனோ, மருமகனோ அவர் இஷ்டத்துக்கு ஒன்று போட்டுவிட்டுப் போகக் கூடாது. குழு கூடி முடிவு செய்து, ஊக்குநரும் பிரதிநிதியும் இருவருமே தெரிந்து வைத்திருக்கணும். தாளில் எழுதி உறையில் ஒட்டி, தீர்மானப் புத்தகம் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்க. பொறுப்பாளர் மாறினால் கடவுச்சொல்லும் மாறணும், அதையும் தீர்மானத்தில் எழுதுங்க.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நான்காம் மாடலில் கடிகார பேட்டரி கிடையாது. இன்டர்நெட் இருந்தால் தேதியைத் தானே சரிசெய்துகொள்ளும். இல்லையென்றால் கடைசியாக அணைத்த நாளையே காட்டும். தவணை கட்டிய தேதி தப்பாக ஏறினால் வட்டிக் கணக்கில் சண்டை வரும். கணக்கு எழுத உட்காரும்போது தேதியை முதலில் பாருங்க.

உப்புக் காற்றும் கரண்ட் கட்டும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நம்ம கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்கிறோம். இந்தப் பலகையின் ஊசிகளுக்கும் அதே கதிதான். கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை பக்கம் இருப்பவர்கள் கல் தூசு விழாத இடமாகப் பாருங்க. வேலை இல்லாத நாளில் மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்து, மருந்து பாட்டிலில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தையும் கூடப் போடுங்க.

கரண்ட் கட் பெரிய எதிரி. எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று போனால் கார்டில் உள்ளது கெட்டுப்போகும். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுச்சேரி பக்கம் 1998-லிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்த மையங்களில் கரண்டை மட்டும் நம்பாமல் சூரியத் தகடும் வைத்தார்கள். நம்ம பலகை டிவி இல்லாமல் ஒரு எல்.இ.டி. பல்பு அளவுதான் கரண்ட் எடுக்கும். அதனால் வீட்டு இன்வெர்ட்டர் லைனே தாங்கும்.

அணைக்கும்போது சுவிட்சைத் தட்டக் கூடாது. திரையில் மெனுவைத் திறந்து 'ஷட் டவுன்' கொடுங்க. பச்சை விளக்கு மினுக்குவது நின்ற பிறகு சுவிட்சை அணைங்க. கணக்கை ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்து வைங்க. கார்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் கையால் எழுதுவதை நிறுத்தவே வேண்டாம், கையெழுத்து அதில்தான் இருக்கு.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் சேமிப்புப் பட்டியல் போடுவதை அடுத்த இதழில் எழுதுகிறோம். அதற்குள் மாட்டிப் பார்க்கிறவர்கள், விளக்கு எந்த நிறத்தில் எப்படி எரிந்தது என்று குறித்து வைத்து, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பலகையையும் சார்ஜரையும் கொண்டு வாங்க.