பிரெகே முடிக்காத கணக்கு: 2025-இன் சிறந்த மெக்கானிக்கல் வாட்ச்கள்

சாவி கொடுத்து ஓடும் வாட்ச், துல்லியத்தில் பேட்டரி வாட்ச்சிடம் தோற்று அரை நூற்றாண்டு ஆகிறது. சுவிட்சர்லாந்தில் 'குரோனோமீட்டர்' சான்று தரும் கோஸ்க் அமைப்பே நாளொன்றுக்குச் சராசரியாக 4 வினாடி பின்தங்கலாம், 6 வினாடி முந்தலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்சோ மாதம் முழுக்க ஓடியும் பெரும்பாலும் 15 வினாடிக்கு மேல் பிசகாது. அப்படியிருக்க, பல லட்சம் ரூபாய் விலையுள்ள மெக்கானிக்கல் வாட்ச்களில் எது சிறந்தது என்று எப்படிச் சொல்வது? தங்கத்தையும் வைரத்தையும் விளம்பரத்தில் வரும் நடிகரையும் ஒதுக்கிவிட்டால் எனக்கு மிஞ்சும் அளவுகோல் ஒன்றுதான்: இயந்திரத்துக்குள் கிடக்கும் பழைய சிக்கல் எதையாவது அது அவிழ்த்திருக்கிறதா? இந்த ஆண்டு வெளிவந்தவற்றில் அதில் தேறியவை நான்கு.

சிக்கல் எங்கே?

சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது விரியும் விசைதான் பல் சக்கரங்கள் வழியாக முட்களைச் சுழற்றுகிறது. தடுக்க ஆளில்லாவிட்டால் மொத்த விசையும் மளமளவென்று தீர்ந்துவிடும். அதற்குக் காவலாக இருப்பது எஸ்கேப்மென்ட். ஒரு பல்லை விட்டு அடுத்த பல்லைப் பிடிக்கும். அந்த விசையில் ஒரு பங்கை, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்குக் கொடுக்கும். காதில் விழும் 'டிக் டிக்' இதன் ஓசை.

இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் 18ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த லீவர் முறையின் வாரிசுதான் இன்றும் பெரும்பாலான வாட்ச்களில் இருக்கிறது. இதில் சக்கரத்தின் பல், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு சின்ன மாணிக்கக் கல்லின் மேல் சறுக்கிப் போகிறது. சறுக்கினால் உராய்வு, உராய்வுக்கு எண்ணெய். அந்த எண்ணெய் நாள்பட்டுக் கெட்டியானால் வாட்ச் சர்வீஸுக்குப் போக வேண்டியதுதான்.

பாரிஸில் கடை வைத்திருந்த ஆபிரகாம்-லூயி பிரெகே, இந்தச் சறுக்கலே வேண்டாம் என்று நினைத்தார். இரண்டு சக்கரங்கள் மாறி மாறிப் பேலன்ஸை நேரடியாகத் தள்ளிவிடும் ஓர் அமைப்பைச் செய்து பார்த்தார். அவர் காலத்துக் கருவிகளால் அவ்வளவு நுட்பமாகப் பல் வெட்ட முடியவில்லை. கூடுதல் சக்கரத்தின் எடையும் விசையைத் தின்றது. கணக்கு பாதியில் நின்றது.

1. ரோலெக்ஸ் லேண்ட்-டுவெல்லர்

என் முதலிடம் இதற்குத்தான். ஏப்ரலில் ஜெனீவா கண்காட்சியில் வெளியானபோது, இதன் தட்டையான பிரேஸ்லெட்டைப் பற்றியும் தேன்கூட்டு டயலைப் பற்றியும்தான் அதிகம் பேசினார்கள். விஷயம் உள்ளே இருக்கிறது. 7135 என்ற புதிய இயந்திரத்தில் 'டைனாபல்ஸ்' என்ற எஸ்கேப்மென்டை வைத்திருக்கிறார்கள். சிலிக்கானால் ஆன இரண்டு சக்கரங்கள் மாறி மாறி ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள, அது பேலன்ஸை ஆட்டுகிறது. பல்லோடு பல் சறுக்காமல் உருள்கிறது. பிரெகேயின் யோசனைக்கு உறவு என்பது பார்த்ததும் தெரியும். அவருக்குக் கைகொடுக்காத இரண்டும் இங்கே கிடைத்துவிட்டன: சிலிக்கான் எடை குறைவு, பல்லின் வடிவத்தையும் நினைத்தபடி செதுக்கலாம். காந்தத்துக்கும் அது அசையாது.

வழக்கமான லீவரைவிட 30 சதவீதம் சிக்கனம் என்கிறது ரோலெக்ஸ். மிச்சம் பிடித்த விசையை வேகத்தில் செலவிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான வாட்ச்கள் வினாடிக்கு 8 முறை துடிக்க, இது 10 முறை துடிக்கிறது. துடிப்பு கூடினால் அதிர்ச்சியில் தடுமாறுவது குறையும். அப்படியும் ஒருமுறை சாவி நிரம்பினால் சுமார் 66 மணி நேரம் ஓடும்.

2. பிரெகே கிளாசிக் சூஸ்கிரிப்ஸியோன் 2025

பிரெகே தொழில் தொடங்கியது 1775-இல். அந்த 250ஆம் ஆண்டுக்கு அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் வெளியிட்ட இந்த வாட்ச்சுக்கு, நவம்பரில் ஜெனீவா கிராண்ட் பிரி விழாவின் தலையாய பரிசான 'தங்க முள்' கிடைத்தது. பெயருக்கேற்ற பரிசு, ஏனென்றால் இதில் இருப்பதே ஒரே முள்தான்.

பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய நெருக்கடிக் காலத்தில் விலையில் கால்பங்கை முன்பணமாக வாங்கிக்கொண்டு எளிய வாட்ச்களைச் செய்து கொடுத்தார் பிரெகே. அதன் மறுபிறவி இது. வெள்ளை எனாமல் டயலில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. நீல முள்ளின் நுனி எந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது என்று பார்த்து நேரத்தைக் கணிக்க வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடுபவருக்கு உதவாது. ஆனால் இத்தனை குறைந்த உறுப்புகளோடு இத்தனை அழகைக் காட்டிய வாட்ச் இந்த ஆண்டு வேறில்லை. நடுவர்களோடு எனக்கு ஒரே வேறுபாடுதான். இது பிரெகேயின் முகத்தை மீட்டது. ரோலெக்ஸ் அவர் விட்டுப்போன வேலையை முடித்தது.

3. புல்காரி ஆக்டோ ஃபினிசிமோ அல்ட்ரா டூர்பியான்

மொத்தத் தடிமன் 1.85 மில்லிமீட்டர், ஏறக்குறைய நம் பத்து ரூபாய் நாணயம். அதற்குள் ஒரு டூர்பியான். எஸ்கேப்மென்டையும் பேலன்ஸையும் ஒரு கூண்டில் வைத்துச் சுழற்றி, புவியீர்ப்பால் வரும் பிழையைச் சமன்செய்யும் இந்த உத்திக்கு 1801-இல் காப்புரிமை வாங்கியவரும் பிரெகேதான். வழக்கமாக அடிமூடி வேறு, இயந்திரத்தைத் தாங்கும் தட்டு வேறு. புல்காரி இரண்டையும் டங்ஸ்டன் கார்பைடில் ஒன்றாக்கிவிட்டது. தினமும் கட்ட இது தோதுப்படாது. எல்லை எதுவரை என்று காட்டத்தான்.

4. கிராண்ட் சீகோ ஸ்பிரிங் டிரைவ் யு.எஃப்.ஏ

இதைச் சேர்த்ததற்குச் சுத்தவாதிகள் சண்டைக்கு வருவார்கள். ஓட்டுவது சுருள்வில், பேட்டரி கிடையாது. ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது குவார்ட்ஸ் படிகம். 1977-இல் சீகோவின் பொறியாளர் யோஷிகாசு அகாஹானே மனத்தில் விதைவிட்டு, 1999-இல் கடைக்கு வந்த கலப்பினம் இது. இந்த ஆண்டு அது தொட்டிருக்கும் அளவு ஆண்டுக்கு 20 வினாடிப் பிசகு மட்டுமே. ஆண்டுக்கு! வினாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போவதைக் காண்பதற்காகவாவது ஒருமுறை கடையில் கேட்டுப் பாருங்கள்.

சேராதவை

41 செயல்பாடுகளும் 1,521 உறுப்புகளும் கொண்ட வஷெரோன் கான்ஸ்டன்டினின் 'சொலாரியா' ஒரு மலைப்பு. உலகிலேயே ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள் என்பதால் விட்டுவிட்டேன். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன், சலவைக்கல் டயலில் ஹவா மகால் நுண்ணோவியத்தோடு 'ஜல்சா' என்ற டூர்பியான் வாட்ச்சை வெளியிட்டது. பழைய சிக்கலுக்குப் புது விடை என்ற என் அளவுகோலுக்குள் அது வராது. ஆனால் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து 1984-இல் தொடங்கிய நிறுவனம் இந்த வரிசையில் பேசப்படும் இடத்துக்கு வந்திருப்பதே செய்தி.

வாங்குவோர் கவனத்துக்கு

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் எஃப்டா கூட்டமைப்போடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது. சுவிஸ் வாட்ச் மீதான சுங்க வரி ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறையும். அவசரமில்லாதவர்கள் பொறுக்கலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வாட்ச்சுக்கு ஏப்ரல் 22 முதல் கடைக்காரர் விற்கும்போதே 1 சதவீதம் டி.சி.எஸ். வரி பிடிக்கிறார், ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: சர்வீஸ் இந்தியாவிலா, அல்லது சுவிட்சர்லாந்துக்கோ ஜப்பானுக்கோ அனுப்ப வேண்டுமா? புதுவகை இயந்திரம் என்றால் தெருமுனைக் கடிகாரக்காரரிடம் உதிரிபாகம் இருக்காது.