வெந்நீர்த் தொட்டியும் விருந்தினர் கடமையும்

உழைப்புக்கு ஓய்வு உற்ற துணை. ஆண்டு முழுவதும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் அடுக்களையிலும் உழைத்துக் களைத்த உடல் சில நாள் விடுமுறையை நாடுவது இயல்பே. இக்காலத்தில் விடுமுறை விடுதிகள் பலவற்றில், நீச்சற்குளத்தின் அருகே, நுரைத்துக் கொப்பளிக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்றும் விருந்தினருக்கெனக் காத்திருக்கிறது. நாலைந்து பேர் ஒன்றாக அமர்ந்து, கழுத்தளவு வெந்நீரில் களைப்பாறுவதற்கென அமைந்த இதனை 'ஹாட் டப்' என்றும் 'ஜக்குஸி' என்றும் வழங்குகின்றனர். அயல்நாடுகளில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் பெற்றோர் பலருக்கும் இது இன்று புதிதன்று. ஆயினும், இதனைப் பயன்படுத்தும் முறையை முழுவதும் அறிந்தோர் சிலரே.

கூழேயாயினும் குளித்த பின்னரே குடிக்க வேண்டும் எனக் கற்பித்த மரபு நம்முடையது. ஆனால் நாம் பழகிய நீராடல் பெரும்பாலும் ஓடும் நீரில், ஆற்றிலும் அருவியிலும் கிணற்றடியிலும் நிகழ்வது. அங்கே நம்மைத் தொட்ட நீர் நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. வெந்நீர்த் தொட்டியிலோ அதே நீர்தான் மீண்டும் மீண்டும் சுழன்று வருகிறது. நமக்கு முன் அமர்ந்தவர் விட்டுச் சென்ற நீரில் நாம் அமர்கிறோம். நாம் விட்டுச் செல்லும் நீரில் நமக்குப் பின் வருபவர் அமர்வார். இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால், எஞ்சிய விதிகள் பல தாமே விளங்கும்.

மருந்தாகப் பிறந்தது

இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள், நீர் இறைக்கும் பம்புகளைச் செய்து விற்று வந்தனர். அவர்களுள் ஒருவரான கேண்டிடோவின் இளம் மகன் முடக்குவாதத்தால் துன்புற்றான். மருத்துவமனையில் அவனுக்குக் கிட்டிய நீர்ச் சிகிச்சையை இல்லத்திலும் அளிக்க விரும்பிய தந்தை, 1940களின் இறுதியில், குளியல் தொட்டிக்குள் வைத்து இயக்கத்தக்க சிறு பம்பு ஒன்றை உருவாக்கினார். 1968-இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்குஸி, நீரைப் பீறிட்டுப் பாய்ச்சும் துளைகளைத் தொட்டியோடு இணைத்தே விற்பனைக்குக் கொணர்ந்தார். நோயுற்ற சிறுவனுக்காகத் தோன்றியது நாளடைவில் உல்லாசப் பொருளாயிற்று. மருந்தாகப் பிறந்ததாதலின், மருந்துக்குரிய அளவும் இதற்கு உண்டு.

அளவறிந்து அமர்தல்

வெப்பம் மிகும்போது உடல் வியர்த்து, அவ்வியர்வை உலர்வதால் குளிர்கிறது. வெந்நீரில் மூழ்கியிருக்கையில் வியர்வை உலர வழியில்லை. எனவே உடலின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். இரத்தக் குழாய்கள் விரியும். இரத்த அழுத்தம் தாழும். நெடுநேரம் அமர்ந்துவிட்டுத் திடீரென எழுபவர் தலைசுற்றி வீழ்வது இதனாலேயே.

ஆகவே நீரின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டலாகாது. உடல்நலமுள்ளவர்க்கும் 15 நிமிடம் போதும். எழும்போது கைப்பிடியைப் பற்றி மெல்ல எழுக. இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இறங்குதல் நன்றன்று. கருவுற்ற தாய்மார், சிறப்பாக முதல் மாதங்களில், இதனைத் தவிர்ப்பதே நலம். மிகுந்த வெப்பம் கருவின் மூளை, முதுகுத்தண்டு வளர்ச்சியைத் தாக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்கவே கூடாது. மது அருந்திவிட்டு இறங்குவோர் உறக்கத்தில் ஆழ்ந்து, தலை நீரில் அமிழ்ந்து, உயிரிழக்க நேரிடும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

1999 பிப்ரவரியில் நெதர்லாந்து நாட்டின் பொவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே விற்பனைக்காக வெந்நீர்த் தொட்டிகளும் நீர் நிரப்பி இயக்கிக் காட்டப்பட்டன. ஒருவரும் அவற்றில் குளிக்கவில்லை. ஆயினும், தூய்மை செய்யப்படாத அந்நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகியது. நீர் கொப்பளிக்கையில் எழுந்த நுண்திவலைகளோடு கலந்து காற்றில் பரவியது. மலர்களைக் கண்டு மகிழ வந்தவர்களுள் இருநூறுக்கு மேற்பட்டோர் கடும் நிமோனியாவுக்கு ஆளாயினர். 32 பேர் மாண்டனர். தொட்டியைத் தொடாதவர்கள், அதனருகே நடந்து சென்றவர்கள் அவர்கள்! ஒருவரது கவனக்குறைவு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தகைய தீங்கைத் தடுப்பது குளோரின் போன்ற கிருமிக்கொல்லி. நீச்சற்குளத்து நீரில் பத்து லட்சத்தில் 1 பங்கேனும் குளோரின் இருக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியிலோ 3 பங்கேனும் வேண்டும். வெப்பமும் கொப்பளிப்பும் அதனை விரைவில் குறைத்துவிடுகின்றன என்பது ஒரு காரணம். சிறிதளவு நீரில் பலர் அமர்வது மற்றொரு காரணம். நம் வியர்வை, அழுக்கு, தலையெண்ணெய், முகப்பூச்சு அனைத்தையும் எதிர்த்துக் குளோரின் செலவாகிறது. அழுக்கோடு இறங்குபவர், கிருமியை எதிர்க்க வேண்டிய மருந்தைத் தம் அழுக்குக்கே இரையாக்குகிறார். மூக்கைத் துளைக்கும் நெடியைத் தூய்மையின் அடையாளம் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு: குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து மாறிய பொருள்களே அந்நெடியைத் தருகின்றன.

சப்பானியர் இதனை நன்குணர்ந்தவர். அந்நாட்டின் 'ஒன்சென்' எனப்படும் வெந்நீரூற்றுக் குளியலிடங்களில், முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்புத் தேய்த்து உடலை முற்றும் கழுவிய பின்னரே பொது நீரில் இறங்குவர். கையிலுள்ள சிறு துண்டைக்கூட அந்நீரில் நனைப்பதில்லை. அழுக்கைப் போக்கும் இடம் வேறு, களைப்பைப் போக்கும் இடம் வேறு என்பது அவர்கள் கொள்கை. நாமும் கொள்ளத்தக்கதே.

உறிஞ்சும் துளை

தொட்டியின் நீரை இழுத்துச் சுழலவிடும் துளைக்கு மிகுந்த ஆற்றலுண்டு. 2002-இல் அமெரிக்காவில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, அத்துளையின் இழுவிசையிற் சிக்கி நீருக்கடியில் உயிரிழந்தாள். அக்குழந்தையின் தாய் ஓயாது முயன்றதன் பயனாக, பொதுக் குளங்களிலும் தொட்டிகளிலும் பாதுகாப்பான மூடி கட்டாயம் எனும் சட்டம் 2007-இல் அங்கே நிறைவேறியது. மூடி உடைந்தோ கழன்றோ இருப்பின் இறங்காதீர். உடனே விடுதியாரிடம் கூறுக. நீண்ட கூந்தலை உயர முடிந்துகொள்க. சேலை முந்தானையும் தளர்ந்த ஆடையும் இதற்கு ஒவ்வா. பிள்ளைகளைத் தனியே விடலாகாது. அவர்கள் தலையை நீரில் அமிழ்த்தவும் விடலாகாது. நிறுத்து விசை எங்குள்ளது என முதலிலேயே கண்டுகொள்க.

பிறர் நலம் பேணுக

வயிற்றுப்போக்கோ ஆறாத புண்ணோ உள்ளவர் இறங்காதிருத்தல் கடமை. முன்னரே அமர்ந்திருப்போரிடம் ஒரு சொல் கேட்டபின் இறங்குக. அவர்கள் இசைவின்றி நீர்த்தாரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா. பிறர் காத்திருக்க மணிக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்வது பண்பன்று. கண்ணாடிக் குவளை வேண்டா; உடைந்த சில்லு நீரில் கண்ணுக்குப் புலப்படாது. இரவில் உரத்த பேச்சு அண்டை அறையினரின் உறக்கத்தைக் கெடுக்கும். தனி இல்லத்துத் தொட்டியாயின், வெளியேறியதும் மூடியை இட்டுப் பூட்டுக. அயலார் குழந்தை தவறி விழாதிருக்கும்.

நீர் கலங்கியோ, கையில் வழுவழுப்பாகவோ தோன்றினால் இறங்காதீர். விடுதியாரிடம் கடைசியாக எப்போது நீரைச் சோதித்தனர் எனக் கேட்பதில் நாணம் வேண்டா. வீடு திரும்பிய இரு வாரங்களுக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் கண்டால், வெந்நீர்த் தொட்டியில் இருந்த செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறுக. ஐம்பது வயதைக் கடந்தோரும் புகைபிடிப்போரும் இதில் மிகுந்த கருத்தாயிருத்தல் வேண்டும். காரணம் அறிந்தால் தக்க மருந்தை அவர் காலந்தாழ்த்தாது அளிப்பார்.

பொதுநீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் சோப்பிட்டுக் குளிப்பது சிறு செயலே. ஆயினும், நாம் பெயரும் அறியாத ஒரு முதியவரின் மூச்சு அதனால் காக்கப்படலாம். ஓய்வு நாளிலும் இக்கடமைக்கு ஓய்வில்லை.