ஊர்ப்பெயர் தாங்கிய மெட்டுகள்

18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பழைய மெட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், வரைபடம் பார்ப்பதுபோல் இருக்கும். செஸ்டர், விண்டம், கிரீனிச், ஆப்பிரிக்கா என்று பாட்டுக்குப் பாட்டு ஊர்ப்பெயர். பாடலுக்கும் அந்த ஊருக்கும் பெரும்பாலும் ஒட்டுறவில்லை. பெயர் மெட்டுக்குத்தான். அசைக்கணக்கு 8, 6, 8, 6 என்று பொருந்திவிட்டால் எந்தச் சங்கீதத்தையும் எந்த மெட்டிலும் பாடலாம். (விவிலியத்தின் 'சங்கீதம்' என்ற நூலில் உள்ள பாடல்களைச் சொல்கிறேன்.) ஒரே மெட்டில் பல பாட்டுக் கட்டும் நமக்கு இது புதிதல்ல.

நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் ஆலயத்தில் வாத்தியத்தை அனுமதிக்கவில்லை, குரல் மட்டும்தான். 1640இல் அச்சான அவர்களுடைய சங்கீதப் புத்தகத்தில் சுரக்குறிப்பே கிடையாது. ஒருவர் ஒரு வரி சொல்ல, சபை அதைப் பாடும். நாளடைவில் பாட்டு இழுபட்டு, அவரவர் இஷ்டத்துக்குச் சங்கதி போட ஆரம்பித்தார்கள். போதகர்களுக்குப் பொறுக்கவில்லை. 1720களில் சுரம் பார்த்துப் பாடக் கற்றுத்தரும் பாட்டுப் பள்ளிகள் முளைத்தன. ஏழு சுரத்துக்கு நான்கே பெயர்: ஃபா, சோல், லா, ஃபா, சோல், லா, மி.

அங்கே கற்றவர்களே பிறகு மெட்டமைத்தார்கள். பாஸ்டனின் வில்லியம் பில்லிங்ஸ் தோல் பதனிடுபவர். 1770இல் முழுக்கத் தன் மெட்டுகளாலான புத்தகத்தை வெளியிட்டார். டேனியல் ரீட் சீப்பு செய்தவர். ஜஸ்டின் மார்கனை இன்று மெட்டைவிட அவர் பெயர் கொண்ட குதிரை இனத்தால்தான் பலருக்குத் தெரியும்.

இவர்களுக்குப் பிடித்த வடிவம் 'ஃபியூகிங்' மெட்டு. நான்கு குரல்களும் சேர்ந்து தொடங்கும், சட்டென நிற்கும். பிறகு ஒரு குரல், பெரும்பாலும் கட்டைக் குரலான பேஸ், தனியே புறப்படும். மற்றவை ஒவ்வொன்றாய் அதைத் துரத்தும். ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு சொல்லில் இருப்பார்கள்; கடைசியில் கூடிவிடுவார்கள். மூல மெட்டு உச்சக் குரலில் இல்லை, நடுவே டெனரில் இருக்கும். அதை ஆண்களும், ஒரு ஸ்தாயி மேலே பெண்களும் பாடினார்கள். சொல் புரியவில்லை என்று குறைபட்டவர்கள் உண்டு, நியாயமான குறைதான். ஆனால் பாடுகிறவருக்கு அந்தத் துரத்தல்தான் சுகம்.

1800ஐ ஒட்டி, ஐரோப்பிய இலக்கணத்துக்கு ஒவ்வாதவை என்று வடகிழக்கு நகரங்கள் இவற்றை ஒதுக்கின. மெட்டுகள் தெற்கே போய்ப் பிழைத்தன. 1801இல் வெளிவந்த ஒரு பாடநூல் நான்கு சுரங்களுக்கு நான்கு வடிவம் கொடுத்திருந்தது: ஃபாவுக்கு முக்கோணம், சோலுக்கு வட்டம், லாவுக்குச் சதுரம், மிக்கு வைரம். 1844இல் ஜார்ஜியாக்காரர்கள் இருவர் தொகுத்த 'சேக்ரட் ஹார்ப்' அதே வடிவங்களில்தான் அச்சானது. இன்றும் அதை வைத்துப் பாடுபவர்கள் நான்கு பக்கமாக, முகம் பார்த்து உட்காருகிறார்கள். கேட்பவருக்கென்று தனி வரிசை கிடையாது. முதலில் சுரத்தை மட்டும் பாடிவிட்டுத்தான் சொல்லுக்கே வருகிறார்கள்.