விசில் கேட்காத மைதானம்

காது கேளாத பிள்ளைகள் கோட்டில் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடற்கல்வி ஆசிரியராவதற்காக பி.பி.எட். படிக்கும் இளைஞர் பழக்கதோஷத்தில் விசிலை ஊதுகிறார். ஒரு கால்கூட நகரவில்லை. மூன்றாம் முறை ஊதிய பிறகுதான் அவருக்கு உறைக்கிறது. மறுநாள் கையில் கொடியோடு வருகிறார். உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் 'சேவைவழிக் கற்றல்' என்பதன் சாரம் அந்தக் கொடிதான்.

சேவை என்றதும் நமக்கு என்.எஸ்.எஸ். எனும் நாட்டு நலப்பணித் திட்டம் நினைவுக்கு வரும். காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. அதன் முகாமில் குளம் தூர்வாரும் மாணவர் வேதியியல் படிப்பவராக இருக்கலாம். படிப்புக்கும் மண்வெட்டிக்கும் தொடர்பு வேண்டியதில்லை. சேவைவழிக் கற்றலில் செய்யும் வேலையே பாடம். 1960-களில் அமெரிக்காவில் இந்தப் பெயரைப் பெற்ற முறையை இன்று ஸ்பெயினின் உடற்கல்வித் துறைகள் பரவலாகக் கையாள்கின்றன. இதில் மாணவர் முதலில் எதிரில் இருப்பவரின் தேவையைக் கேட்டறிய வேண்டும். பேராசிரியர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு நாளும் எது சரிப்பட்டது, எது சொதப்பியது என்று எழுதிப்பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் உண்டு.

மற்ற ஆசிரியர்களைவிட பி.டி. மாஸ்டருக்கு இது ஏன் அவசியம்? இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பலர் பள்ளியில் ஓடி ஜெயித்தவர்கள். ஓட வராத உடம்பை அவர்கள் உள்ளிருந்து அறிந்ததில்லை. அதனால்தான் பி.டி. பீரியடில் கால் ஊனமுற்ற பிள்ளைக்கு, "நீ ஓரமா உக்காந்து பையெல்லாம் பாத்துக்கோ" என்ற வேலை மட்டும் மிஞ்சுகிறது.

அந்த உடம்பை உள்ளிருந்து அறிய என்ன வழி? கோல்பால் ஆட்டத்தைப் பாருங்கள். போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946-ல் உருவானது. அணிக்கு மூவர், 1.25 கிலோ எடையுள்ள பந்துக்குள் மணிகள். பந்து உருளும்போது பார்வையாளர்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. ஆடும் எல்லோருக்கும் கண்கட்டு உண்டு. பயிற்சி மாணவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கினால், பார்வையற்ற பிள்ளைகளிடம் அவர் தோற்றுப்போவார். எந்தப் பாடநூலும் தராத பாடம் அந்தத் தோல்வி.

இதற்கான அடித்தளம் நம்மிடம் உண்டு. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. பி.பி.எட். இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. கற்பித்தல் பயிற்சி ஏற்கெனவே அதில் இருக்கிறது. அந்தப் பயிற்சியில் சில வாரங்களைச் சிறப்புப் பள்ளிகளுக்கு ஒதுக்கினால் போதும்.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறியதில் வலது கால் நசுங்கியது. அவரை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். அவருக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தார். வாய்க்காத பிள்ளைகள் இன்னும் பைகளுக்குக் காவல் இருக்கிறார்கள்.