ஒரு கதை, பல பதிப்புகள்

ஒரு நூலைத் திருத்தியோ வேறு வடிவிலோ வெளியிடுவது புதிய பதிப்பு. மாற்றமின்றி மீண்டும் அச்சிடுவது மறு அச்சு. இவ்வேறுபாட்டை அறிந்தோர் ஒரே கதையின் பல பதிப்புகளைத் தேடிச் சேர்க்கின்றனர்.

இயான் பிளெமிங் எழுதிய ஜேம்ஸ் பாண்ட் உளவு நாவல்கள் இதற்குத் தக்க சான்றாகும். முதல் நாவலான ‘கசினோ ராயல்’ 1953இல் இலண்டனில் வெளிவந்தது. 1955இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக வந்தபோது, அதன் பெயர் ‘யூ ஆஸ்க்டு ஃபார் இட்’ என மாற்றப்பட்டது. 2023இல் வந்த பாண்ட் பதிப்புகளில், பிற இனத்தாரை இழிவுபடுத்தும் சொற்கள் சில நீக்கப்பட்டன. அது நன்றே. எனினும், எது மாறியது என்பதைப் பழைய பதிப்பைக் கொண்டே அறிய இயலும்.

முனிர்காவிலிருந்து இத்தகைய நூல்களைத் தேடுவது எளிது. மெட்ரோவில் சென்று கால்காஜி மந்திரில் மாறினால் தில்லி கேட் நிலையத்தை அடையலாம். தரியாகஞ்ச் நடைபாதையில் நடந்த ஞாயிறு நூற்சந்தை, 2019இல் அந்நிலையத்திற்கு அருகிலுள்ள மகிளா ஹாட்டிற்கு இடம் மாறியது. அங்கு நூலை எடுத்தவுடன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை நோக்க வேண்டும். பதிப்பகமும் பதிப்பாண்டும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

தமிழில், உளவாளி இரும்புக்கை மாயாவியின் படக்கதைகளைச் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 முதல் வெளியிட்டது. பின்னர் மறுபதிப்புகளும் வந்தன. தாத்தாவோ தந்தையோ படித்த பழைய இதழ் ஒன்று சொந்த ஊரின் பரணில் இருக்கக்கூடும். மலிவுத் தாள் விரைவில் பழுத்து நொறுங்கும். ஆகவே, அது எடைக்குப் போகும் முன் எடுத்து, வெயிலும் ஈரமும் படாமல் காத்தல் வேண்டும்.